பேஸ் கிட்டாரின் விசித்திர உருவங்கள்

எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி பாலக்காட்டுப் பக்கம். இளையராஜாவின் பண்ணைப்புரம் இடுக்கி மலைக்குக் கிழக்கே, தேனி அடிவாரத்தில். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம் தமிழர்களுக்கு இருவருமே நம்மவர்கள். இளையராஜாவின் எத்தனையோ பாடல்களில் பேஸ் கிட்டார் பாடகரின் குரலுக்குக் கீழே தனி மெட்டாகவே நடக்கும். நம் கானமேளா மேடைகளில் அதை வாசிப்பவர் பெரும்பாலும் பின்வரிசையில்தான் நிற்கிறார். அவர் கையிலிருக்கும் வாத்தியத்தின் வரலாறு அறியத்தக்கது.

1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ்தான் அளவுகோல்: நான்கு தந்திகள், 34 அங்குலத் தந்தி நீளம், கட்டைப் பலகை உடல். அதிலிருந்து விலகியவை பல வழிகளில் விலகின.

மூத்தது வயலின் உருவம். 1953இல் கிப்சன் வயலின் வடிவில் ஒன்றைச் செய்து, ஒலித்துளைகளை வெறும் வண்ணத்தால் தீட்டியது. நிறுத்தி வாசிக்க அடியில் ஊன்றுகோலும் வைத்தது. ஜெர்மனியின் ஹோஃப்னர் 1956இல் செய்த 500/1 உள்ளீடற்றது, எடை குறைந்தது, தந்தி நீளமும் 30 அங்குலம்தான். இரு பக்கமும் ஒத்த உடல் என்பதால் இடக்கைக்காரரான பால் மெக்கார்ட்னி திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை. என் மதிப்பில் இம்மரபின் முதலிடம் அதற்குத்தான்: சட்டென எழுந்து சட்டென அடங்கும் அதன் உருண்டையான நாதம் அந்த உள்ளீடற்ற உடலிலிருந்தே பிறக்கிறது. 1966இல் ஆம்பெக் ஒலித்துளைகளை உடலின் மறுபக்கம் வரை வெட்டியது. கண்ணுக்கு விருந்து, காதுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

1963இன் கிப்சன் தண்டர்பேர்டை வரைந்தவர் ரே டீட்ரிக், கார் வடிவமைப்பாளர். கழுத்து உடலின் ஊடே கடைசிவரை செல்லும். நாதம் நீண்டு நிற்கும்.

விசித்திரத்தின் சிகரம் நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத பேஸ். மரத்துக்குப் பதில் கார்பன் இழைக் கலவை. சுருதித் திருகாணிகள் உடலின் அடியில். தலை கனத்தால் கழுத்து தாழ்ந்து, இடக்கை அதைத் தாங்கியே சோரும் தொல்லை அதில் ஒழிந்தது. கலவைக் கழுத்து ஈரத்திலும் வளையாது. மழைக்கால மூணாறில் மரக்கழுத்து வாத்தியத்துக்குச் சுருதி கூட்டியவருக்கு இதன் அருமை தெரியும்.

1965இல் ஃபெண்டரே தடம் மாறியது. பேஸ் 5 என்ற அந்த வாத்தியத்தில் உச்ச சுருதியில் ஐந்தாம் தந்தியைச் சேர்த்து, ஃபிரெட்டுகளைப் பதினைந்தாகக் குறைத்தார்கள். வாசிப்பவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் தேடியது ஆழத்தை. பின்னாளில் நிலைபெற்ற ஐந்து தந்தி பேஸில் கூடுதல் தந்தி கீழ்ச்சுருதியில்தான் சேர்ந்தது.

1980களில் கில்ட் வெளியிட்ட ஆஷ்போரியைப் பார்த்தால் குழந்தை விளையாட்டுப் பொருள் என்றே தோன்றும். தந்தி நீளம் 18 அங்குலம், தந்திகள் சிலிகான் ரப்பர். விரல் வழுக்கிச் செல்ல முகப்பவுடர் பூசிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் இணைத்தால், ஆளுயர டபுள் பேஸின் ஆழம் எழும்.