பின்சீட்டிலிருந்து தெரியும் சமவெளி

லடாக் பைக் பயணம் பற்றித் தமிழில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூன்று வருடங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகம், இணையத் தொடர், முகநூல் பதிவு, யூடியூப் காணொலியின் பின்னணிப் பேச்சு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் எழுதினாலும் ஒரு பத்தி மட்டும் மாறுவதே இல்லை. மணாலியிலிருந்து லே போகும் வழியில், பாங் தாண்டி ஏற்றம் முடிந்ததும் மோரே சமவெளி வரும். அங்கே எழுத்தாளர் வண்டியை நிறுத்துவார், ஹெல்மெட்டைக் கழற்றுவார், சுத்திப் பார்த்தா ஒண்ணுமே இல்ல என்பார். அடுத்த வரியிலேயே தன் கதை ஆரம்பமாகிவிடும். விட்டுவந்த வேலை, பிரிந்துபோன பெண், அப்பாவின் சாவு, இப்படி ஏதோ ஒன்று.

இந்த ‘ஒண்ணுமே இல்ல’ எங்கிருந்து வருகிறது, அது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த இடம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாக விரிந்த புல்தரை. மரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் தூரத்தில் பழுப்பு மலைகள், நடுவில் கோடு போட்டதுபோல ரோடு. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக முனகி வந்த வண்டி இங்கே வந்ததும் டாப் கியருக்குப் போகும். உடம்பு தளரும். மனசு பேச ஆரம்பிக்கும். அதுவரைக்கும் புரிகிறது.

நம்மூர்க்காரனுக்கு அது ஏன் இத்தனை பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லே, கார்கில் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலே 2,74,289 பேர்தான். அதே கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர். மாவட்டத்தின் பரப்போ 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்று வருகிறது. நான் இருப்பது பத்மநாபபுரத்தில், கோட்டைச் சுவருக்குள். தக்கலையில் வண்டியை எடுத்தால் வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று நாகர்கோவில் வரை ஒரு வீட்டின் மதில் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டின் மதில் ஆரம்பிக்கும். ஒண்ணுக்கு இருக்க ஓரமாக நிறுத்தினாலும், “மக்கா, நீ யாருக்க மவன்?” என்று கேட்க ஒரு ஆள் வந்துவிடுவார். இப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவன், யாரும் எதுவும் கேட்காத 40 கிலோமீட்டரை ‘ஒண்ணுமே இல்ல’ என்று படிப்பதில் ஆச்சரியம் இல்லை. அவன் ‘ஆள் இல்ல’ என்று சொல்ல வருகிறான். அதுவும் சரியில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் பயண எழுத்து ஆட்களால் நிறைந்தது. ஏ.கே. செட்டியார் உலகம் முழுக்கச் சுற்றினாலும் அவர் கண் போவது மனிதர்களிடம்தான். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் ஆறுதான் வழி. ஆற்றங்கரையில் ஊர் இல்லாத இடம் ஏது? ஒரு படித்துறை விட்டால் அடுத்த படித்துறை, ஒரு காபி விட்டால் அடுத்த காபி. ஜெயமோகனின் ‘நூறு நிலங்களின் மலை’ லடாக்குக்கே போகிறது, ஆனால் அது நண்பர்கள் கூட்டமாகக் காரில் போன பயணம். காருக்குள் பேச்சு ஓயாது. தனியாக, பைக்கில், ஆளில்லாத வெளியைக் கடப்பதை எழுத நம்மிடம் தயாரான உரைநடை இல்லை. அதனால் பையன்கள் அதை வெளியிலிருந்து கடன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர், ராபர்ட் பிர்சிக்கும் சே குவேராவும்.

பிர்சிக்கின் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974இல் வந்தது. பயணம் நடந்தது 1968இல். மினியாபோலிசிலிருந்து மேற்கே, டகோட்டா புல்வெளிகளைத் தாண்டி, மொன்டானா, கடைசியில் கலிபோர்னியா. வண்டி 305 சிசி ஹோண்டா, பின்சீட்டில் மகன் கிறிஸ். இந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன், அதில் இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டே. இயந்திரம் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் அபாரம். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், அதே ஜெட் விடுகிற பெட்ரோல் அளவுக்கு மீறிப்போகும், ஸ்பார்க் பிளக் கறுத்துவிடும். மலை ஏறியிருக்கிறோம் என்று ஓட்டுகிறவனுக்கு முன்னால் பிளக்குக்குத் தெரிந்துவிடுகிறது. கார்புரேட்டர் வண்டியில் லடாக் போன யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். மோரேயில் காற்றழுத்தம் நம்ம கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்றுதான் மேல்.

ஆனால் நிலம்? ஆரம்பத்தில் பார்க்கிறார். சதுப்பில் உட்கார்ந்திருக்கும் கரும்பறவையை மகனுக்குக் காட்டுகிறார். புல்வெளி அகல அகல அவருடைய தத்துவப் பிரசங்கமும் அகலுகிறது. கவனித்தால் தெரியும், ஊர்கள் நெருங்கும்போது கதை நடக்கும், ஊர்கள் விலகும்போது விரிவுரை நடக்கும். புல்வெளி அவருக்கு ஒரு காலியான வகுப்பறை. மிசௌரி ஆற்றை மோப்ரிட்ஜில் தாண்டி லெம்மன் போகிற அந்தச் சாலை எதன் வழியாகப் போகிறது தெரியுமா? ஸ்டாண்டிங் ராக், லகோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலம். 2016இல் எண்ணெய்க் குழாய்க்கு எதிரான போராட்டத்தில் உலகம் முழுக்க அடிபட்ட அதே பெயர்தான். பிர்சிக்குக்குப் பூர்வகுடிகள் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. 1991இல் வந்த ‘லைலா’வில் அவர்களைப் பற்றி நீளமாக யோசிக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதை யோசிக்கும்போது அவர் ஹட்சன் ஆற்றில் படகில் இருக்கிறார். அவர்கள் மண்ணில் பைக் ஓட்டியபோது மண்டைக்குள் வேறு யார் யாரோ இருந்தார்கள்.

இந்தப் புத்தகத்திலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நம்ம பயண எழுத்தாளர்கள் யாரும் அதைக் கடன் வாங்கவில்லை. கிறிஸ். பதினோரு வயசுப் பையன் நாள் கணக்காகப் பின்னால் உட்கார்ந்து வருகிறான், வயிற்றுவலி என்கிறான், அழுகிறான். அப்பா தத்துவம் பேசுகிறார், அதுவும் அவனிடம் இல்லை, நம்மிடம். புத்தகத்தின் கடைசியில்தான் விஷயம் வெளியே வருகிறது: இத்தனை தூரமும் அவன் பார்த்தது அப்பாவின் முதுகு மட்டும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கால்மிதியில் எழுந்து நிற்கிறபோதுதான் தோளுக்கு மேலே அவனுக்கு உலகம் தெரிகிறது. எனக்கு அந்தப் புத்தகத்தின் உச்சம் அதுதான். தரம் பற்றிய விவாதத்தையெல்லாம் அதற்காக மன்னித்துவிடலாம்.

சேயின் ‘மோட்டார் சைக்கிள் டைரி’யை நம்மில் பெரும்பாலானோர் வால்டர் சாலஸின் 2004 படம் வழியாகத்தான் அடைந்தோம். 1952 ஜனவரியில் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு 500 சிசி நார்ட்டன் வண்டியில் கிளம்புகிறார். அர்ஜென்டினாவின் பம்பாஸ் புல்வெளி, அப்புறம் படகோனியாவின் ஓரம். இந்தப் பகுதியில் டைரி ஒரு ஜாலியான பையன் எழுதியதுதான்: விழுந்தோம், கம்பி வைத்துக் கட்டினோம், யார் வீட்டிலோ சாப்பிட்டோம். வழியில் காய்ச்சல் வந்து சோயலே சோயல் என்ற ஊர் மருத்துவமனையில் படுக்கிறார். அந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. 1879இல் ஜெனரல் ரோகாவின் படை மாபுச்சே, தெகுவெல்சே மக்களை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் அது. அந்தப் படையெடுப்புக்கு அர்ஜென்டினா அரசு வைத்த பெயர் ‘பாலைவன வெற்றி’. அங்கே புல் இருந்தது, ஆறு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் பாலைவனம் என்றார்கள். பாலைவனம் என்றால்தானே யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்!

சேயை விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் வண்டி சிலியில் செத்துப்போகிறது. அதற்கப்புறம் லாரியிலும் நடையிலும் படகிலும் போகிறார். சுக்கிகமாத்தா தாமிரச் சுரங்கத்துக்குப் போகிற வழியில் குளிரில் நடுங்கும் ஒரு கம்யூனிஸ்ட் தம்பதியைச் சந்திக்கிறார். அதுவும் ஆளில்லாத வெளிதான், அட்டகாமா. பைக்கில் இருந்திருந்தால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அவர்களைத் தாண்டியிருப்பார். தலைப்பிலுள்ள மோட்டார் சைக்கிள் புத்தகத்தில் சீக்கிரமே காணாமல் போவது தற்செயல்தான், ஆனால் நாம் இன்றும் அதை வாசிக்கிறோம் என்றால் அந்தத் தற்செயலால்தான்.

இவர்களிடம் கடன் வாங்கியது போதாதென்று, வீட்டில் இருந்ததையும் மறந்துவிட்டோம் என்பது என் ஆதங்கம். பாலை என்று நமக்கு ஒரு திணையே இருக்கிறது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் நான்குக்கும் தெய்வம் சொல்லும் தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது நம் கவிதையியலில் வெறும் நிலம் என்பது பிறவியிலேயே வெறுமை கிடையாது, ஒரு நிலத்துக்கு ஏதோ நடந்திருக்கிறது. ‘இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துது?’ என்ற கேள்வி அந்த வகைப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண்ணுள்ள 200ம் பாலைதான். எடுத்து வாசியுங்கள். யானை உரித்த மரம், பருந்து, ஆறலைக் கள்வர், நடுகல், உப்பு வண்டி! இத்தனை நெரிசலான வெறுமையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. இன்னொன்று, அந்தப் பாட்டுகளில் பல, போகாதவர்கள் பேசுவது. தலைவி, தோழி, பெற்ற தாய், வளர்த்த செவிலி. வழியைக் கற்பனையில் கடக்கிறவர்கள். பின்சீட்டுக்கும் பின்னால், வீட்டில் இருப்பவர்கள்.

இனி மோரேயில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். அது சாங்தாங் பீடபூமியின் ஒரு பகுதி. சாங்பா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலம். யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம், செம்மறியும் பஷ்மினா ஆடும், வருடத்தில் பல தடவை இடமாற்றம். நாம் போகிற ஜூலையில் அவர்கள் ரோட்டோரம் தெரியாவிட்டால் ஆடு வேறு புல்லுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். காட்டுக் கழுதையான கியாங் அங்கே சர்வசாதாரணம். ரோடு போடுகிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்த கூலிகள். முகத்தில் துணி சுற்றிக்கொண்டு தார் டின்னுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எல்லைச் சாலை அமைப்பின் எதுகை வாசகப் பலகைகளைப் போட்டோ எடுக்காத பைக்காரர் இல்லை. பலகைக்கு அடியில் நிற்பவரைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர் மிகக் குறைவு.

நியாயமாகச் சொல்ல வேண்டும், நம்ம பைக் பயண எழுத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அது பெட்ரோல். டண்டி பங்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று பல வருடம் ஒரு பலகை இருந்தது. அதைப் பார்த்த கணத்திலிருந்து எழுத்து விழித்துக்கொள்ளும். டேங்க் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, கேனில் எத்தனை லிட்டர், கறுப்பில் எங்கே கிடைக்கும், யாரைக் கேட்கலாம். பயம் வந்ததும் மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள், பெயர் கேட்கிறார்கள், விலை பேசுகிறார்கள். அந்தப் பக்கங்களில் லடாக் ஒரு ஊராக இருக்கிறது. பெட்ரோல் நிரம்பியதும் மறுபடி ‘சொர்க்கம்’ ஆகிவிடுகிறது.

இதெல்லாம் வெறும் நடை பற்றிய குறை என்றால் விட்டுவிடலாம். 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, பாங் பகுதியில் திட்டமிட்ட 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டத்துக்காக 20,773 கோடி ரூபாயில் மின்பாதை அமைக்க ஒப்புதல் கொடுத்தது. 2024 மார்ச்சில் லேவில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணைக் கோரிக்கைகளோடு மேய்ப்பர்கள் புல்வெளியை இழப்பதையும் பேசினார். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் முப்பந்தலில் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன்தான், அதுக்குக் கீழே ஆடு மேய்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘அங்க ஒண்ணுமே இல்லியே, வச்சா என்ன?’ என்று ஒரு வாசகன் சாதாரணமாகக் கேட்டால், அந்த வாக்கியத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பயண எழுத்தாளரும் ஒருவர். புறம்போக்கு என்ற ஒரு சொல் நம்மூர் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் நாம்.

நான் போனது பின்சீட்டில். ஓட்டியது என் மாமா மகன். கிறிஸ் மாதிரி எனக்கும் முதுகுதான் தெரிந்தது, ஆனால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கக் கழுத்து சும்மா இருந்தது. சமவெளி முடிகிற டெப்ரிங் பக்கம் ஒரு டீக் கூடாரத்தில் நிறுத்தினோம். கடை வைத்திருந்த அக்கா எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். கன்னியாகுமரி என்றதும் தலையாட்டினார். காஷ்மீர்-கன்னியாகுமரி ஸ்டிக்கர் ஒட்டின வண்டிகள் எத்தனை பார்த்திருப்பார்! கடல் எப்படி இருக்கும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, “அங்கே புல் நல்லா இருக்குமா?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரப்பர் இருக்கு, தென்னை இருக்கு, வாழை இருக்கு, வயல் கொஞ்சம் இருக்கு என்றேன். புல்? அவர் ரொம்பப் பாவமாக என்னைப் பார்த்தார். ஒண்ணுமே இல்லாத ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

மாமா மகனுடைய காணொலியில் அந்த இடம் வரும்போது கிதார் ஒலிக்கிறது, சமவெளி மேலிருந்து கீழாக மெதுவாக நகர்கிறது. அந்தக் கேள்வி அதில் இல்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்று டீ குடிக்கிற நேரத்தில் ஹெல்மெட் கேமராவை அணைத்து வைத்திருந்தான்.