வாக்குச்சீட்டே வராத தேர்தல்: க்வினெத் கவுன்சிலை முன்வைத்து

2022 மே 5 அன்று வேல்ஸ் முழுக்க உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 16, 17 வயதுக்காரர்கள் அங்கே கவுன்சில் தேர்தலில் வாக்களித்தது அதுதான் முதல் முறை. ஆனால் வடமேற்கு மூலையில் இருக்கிற க்வினெத் கவுன்சிலில், மொத்தம் 69 இடங்களில் 28 இடங்களுக்கு வாக்குப்பதிவே இல்லை. ஒரு மாதம் முன்னாடி, மனுத்தாக்கல் முடிந்த அன்றே, முடிவு தெரிந்துவிட்டது. வேல்ஸ் முழுக்க இப்படி வந்தவர்கள் 74 பேர். முதல் வாக்கு போடக் காத்திருந்த பையனுக்கும் பெண்ணுக்கும் கிடைத்தது ஒரு அறிவிப்புப் பலகைதான்.

"போட்டியின்றித் தேர்வு" நமக்கும் பழகிய சொல்தான். இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். கிராமத்து ஆட்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்பது ஒன்று. ஊர் ஒற்றுமையாக இருக்கிறது, சண்டை எதற்கு என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. கோளாறு ஆட்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். வேல்ஸில் 1996 முதல் ஒரே அடுக்கு நிர்வாகம், 22 கவுன்சில்கள். பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு, குப்பை எல்லாம் ஒரே கவுன்சில் கையில். அதற்குக் கீழே இருக்கும் சமூகக் கவுன்சில்களுக்கு அதிகாரம் மிகக் குறைவு. க்வினெத்தின் தலைமையகம் கைர்னார்வன். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், தலைவரும் சிறிய கேபினட்டும் நிர்வாகத்தை நடத்துவார்கள். மற்றவர்கள் குழுக்களில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். பதவிக்காலம் 5 வருடம்.

மக்கள்தொகை சுமார் 1,17,000. அதாவது 1,700 பேருக்கு ஒரு கவுன்சிலர். பர்மிங்ஹாமில் 11,000 பேருக்கு மேல் ஒருவர். கேட்கும்போது க்வினெத்துக்கு இது பெருமை மாதிரி தெரியும். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மொத்தம் 65 வார்டுகள், பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு இடம். அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். இருக்கிற கவுன்சிலரை எல்லோருக்கும் தெரியும். அவர் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளி. எதிர்த்து நின்றால் அவரைத் தோற்கடித்தால் மட்டும்தான் இடம், இரண்டாவதாக வந்தால் ஒன்றும் கிடையாது, பகை மட்டும் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற எவரும் "நமக்கு எதுக்குப்பா" என்று ஒதுங்கத்தான் செய்வார். அக்கறை இல்லாததால் வந்த முடிவல்ல இது. விதிகளைப் புரிந்துகொண்டதால் வந்த முடிவு.

ஸ்காட்லாந்து இதற்கு நல்ல சோதனை. 2003-ல் அங்கே 61 வார்டுகளில் போட்டியில்லை. 2007-ல் ஒரு வார்டுக்கு மூன்று அல்லது நான்கு பேர், வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் முறை வந்தது. அந்தத் தேர்தலில் போட்டியில்லாத வார்டு ஒன்றுகூட இல்லை. அதே கிராமங்கள், அதே மக்கள். ஒருவரைக் கவிழ்க்காமலே இன்னொருவர் உள்ளே வரலாம் என்றானதும் ஆட்கள் நின்றார்கள். ஆனால் இது சர்வரோக நிவாரணி இல்லை. 2022-ல் ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் சில வார்டுகள் மறுபடி போட்டியின்றிப் போயின.

இதை வேல்ஸும் யோசித்தது. 2021-ம் வருடச் சட்டப்படி, ஒவ்வொரு கவுன்சிலும் விரும்பினால் இந்த முறைக்கு மாறலாம். நிபந்தனை: மொத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். பழைய முறையில் ஜெயித்தவர்களிடமே, அதுவும் போட்டியில்லாமல் வந்தவர்களிடமே, அந்த முறையை மாற்றலாமா என்று கேட்கிறார்கள்! க்வினெத்தில் அது 46 வாக்கு. 2027 தேர்தலுக்குள் வேல்ஸில் எந்தக் கவுன்சிலும் இந்த வரம்பைத் தாண்டவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. வார்டுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் மலையும் பள்ளத்தாக்குமாக நீண்டுபோகும். "எங்க ஊர் கவுன்சிலர்" என்ற உறவு தளரும். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அந்த உறவுக்கு இப்போது கொடுக்கிற விலையையும் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வாங்கிப் போடும் இரண்டாவது வீடுகளால் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைப்பதில்லை என்று க்வினெத்தில் பெரிய பிரச்சினை. 2023 ஏப்ரல் முதல் அந்த வீடுகளுக்கு 150% கூடுதல் வரி. அந்த முடிவை எடுத்தது இந்த 69 பேர் கொண்ட கவுன்சில்தான். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் வரி கட்டுகிறவரோ, வீடு கிடைக்காதவரோ, "எங்கள் பெயரில் முடிவெடுக்க உங்களை யார் அனுப்பியது?" என்று கேட்டால், 28 இடங்களில் வந்தவர்கள் காட்டுவதற்கு ஒரு வாக்குகூட இல்லை.

வாக்களிக்கும் வயதைக் குறைத்தது நல்ல சீர்திருத்தம். அதோடு வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர் வருவதற்கும் வழி செய்திருக்க வேண்டும்.