கொலைஞன் தாங்கும் அரியணை

"புரட்சி செய்தவர்களும் தலைகளைத்தானே வெட்டினார்கள்? மன்னராட்சியைவிட அது எவ்வகையில் மேல்?"

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று, கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான். அக்கேள்வியை ஆயுதமாக்கியவர்களுள் கூர்மதியாளர் ஜோசப் டி மேஸ்தர். விடை தேடி அவர் ஏடுகளைப் புரட்டினேன்.

1753-இல் சவாயில் பிறந்தவர். 1792-இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் ஊரைத் துறந்தார். பின்னர் சார்டீனிய மன்னரின் தூதராக ரஷ்யத் தலைநகரில் பல்லாண்டு வாழ்ந்தார். முடிக்காகவும் மதத்துக்காகவும் வாதாடுவதையே வாழ்வாக்கிக் கொண்டார்.

1797-இல் வெளிவந்த 'பிரான்சைப் பற்றிய சிந்தனைகள்' என்னும் நூலில் அவர் வாதம் இது: புரட்சி, பாவம் செய்த நாட்டுக்கு ஆண்டவன் அளித்த தண்டனை. மன்னன் அதிகாரம் விண்ணிலிருந்து வருவது. கூடிப் பேசி அரசியல் சட்டம் ஆக்க மனிதனால் ஆகாது.

எவ்வளவு வசதியான வாதம்! மன்னன் வென்றால் ஆண்டவன் அருள்; வீழ்ந்தால் ஆண்டவன் சினம். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் வெற்றி அவருக்கே! தோற்கவே வழியில்லாத வாதத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

ஆயினும் ஓரிடத்தில் அவர் தம்மையறியாமல் சோதனைக்கு உட்பட்டார். அமெரிக்கர் திட்டமிட்ட புதிய தலைநகர் எழாது, எழுந்தாலும் வாஷிங்டன் எனும் பெயர் பெறாது, பெற்றாலும் காங்கிரஸ் அங்கே அமராது என ஒன்றுக்கு ஆயிரம் பந்தயம் கட்டலாம் என்றார். 1800 நவம்பரில் அந்நகரில், அப்பெயரில், காங்கிரஸ் கூடியது! 1787-இல் மனிதர் கூடிப் பேசி எழுதிய அந்நாட்டு அரசியல் சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. மேஸ்தர் எதிர்பார்த்த பூர்போன் முடியோ, 1814-இல் எழுத்துச் சாசனம் ஒன்றை ஏந்தியே திரும்பியது; 1830-இல் பாரிஸ் மக்களின் எழுச்சியில் சாய்ந்தது.

அவர் மறைந்த 1821-இல் வெளியான 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாலைகள்' நூலில், மரண தண்டனையை நிறைவேற்றும் கொலைஞன் ஒருவனைக் காட்டுகிறார். ஊரார் அருவருத்து ஒதுக்கும் அவனே சமுதாயத்தைப் பிணைக்கும் கயிறாம். அவனை அகற்றினால் அரியணைகள் கவிழுமாம், ஒழுங்கு குலையுமாம்!

மன்னராட்சியின் பகைவர்கூட இத்தகைய குற்றப்பத்திரிகை எழுதியதில்லை. அருள், தெய்வாம்சம் என்னும் பட்டாடையைப் பக்தரே விலக்குகிறார். உள்ளே நிற்பது அச்சம்!

மாணவனின் கேள்விக்கு வருவோம். 1793-94 பயங்கர ஆட்சியில், தீர்ப்பெழுதிக் கொல்லப்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். அதை மறைப்பது பகுத்தறிவாகாது. மேஸ்தர் சுட்டிய புண் மெய்யானது. அவர் தந்த மருந்தே நஞ்சு. ஆண்டவன் ஆணை என்று கொன்றால், கேட்பவன் பாவியாகிறான். மனிதன் ஆணை என்றால், கேட்கலாம், கண்டிக்கலாம், திருத்தலாம்.

திருத்தவும் செய்தார்கள். 1981-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் வாதாடி, வாக்களித்து, மரண தண்டனையையே ஒழித்தது. கொலைஞன் போனான். ஒழுங்கு குலைந்ததா? இல்லை!

மறுநாள் இவற்றை வகுப்பில் சொன்னேன். "அப்படியானால் அந்தத் திருத்தத்துக்கு ஏன் சார் அவ்வளவு காலம் ஆயிற்று?" என்றான் அவன்.

தோழர்களே, அது மேஸ்தரைக் கேட்க வேண்டிய கேள்வியன்று. நம்மை நோக்கிய கேள்வி. அவ்விதம் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவோம்.