சராசரிக் காற்றில் மண் பறப்பதில்லை

ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனால் ஏறத்தாழ 13 டன் போயிற்று என்று பொருள். நிலத்தை நாள்தோறும் பார்க்கும் உழவரின் கண்ணுக்குக்கூட அந்த இழப்பு தெரியாது. மழைநீர் அரித்தால் வாய்க்கால் போல் தடம் விழும். காற்று அப்படித் தடம் விட்டுச் செல்வதில்லை. நிலத்தைச் சீராகச் சீவி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே காற்றரிப்பை அளப்பதும் முன்கணிப்பதும் வறண்ட நிலங்களுக்குத் தவிர்க்க முடியாத தேவை. அந்தத் தேவைக்காக உருவான கணிப்பு முறைகள் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கின்றன. ஆனால் 'ஆண்டுக்கு ஹெக்டேருக்கு இத்தனை டன்' என்று அவை தரும் ஒற்றை எண்ணை அளந்தெடுத்த உண்மைபோல நம்புவது தவறு. மிகவும் வறண்ட இடங்களில்தான் அந்த எண் மிகவும் பிழைபடுகிறது.

முதலில் நிறைகளைச் சொல்ல வேண்டும். 1930களில் அமெரிக்காவின் பெருஞ்சமவெளி புழுதியாய்ப் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப்புயல் பகலை இருளாக்கியது. அந்த ஆண்டிலேயே ஹியூ பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புப் பணித்துறை அமைந்தது. 1947இல் கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகரில் காற்றரிப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே செப்பில் என்ற மண்ணியலாளர் உலர்ந்த மண்ணைச் சுழலும் சல்லடையில் இட்டுச் சலித்தார். 0.84 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகள் காற்றுக்கு எளிதில் அசைவதில்லை என்று கண்டு, அந்தக் கட்டிகளின் பங்கை வைத்தே ஒரு மண் எவ்வளவு பறக்கக்கூடியது என்று மதிப்பிட்டார். இந்த உழைப்பின்மீது எழுந்ததுதான் 1965இல் உட்ரஃபும் சிடோவேயும் வெளியிட்ட காற்றரிப்புச் சமன்பாடு. மண்ணின் தன்மை, மேற்பரப்பின் கரடுமுரடு, தட்பவெப்பம், காற்றின் திசையில் திறந்து கிடக்கும் நிலத்தின் நீளம், பயிர்ப் போர்வை என ஐந்து காரணிகளாக அது சிக்கலைப் பிரித்தது. இவற்றுள் தட்பவெப்பம் நம் கையில் இல்லை. கரடுமுரடும் நீளமும் போர்வையும் உழவர் கையில் இருப்பவை. தாளை வயலிலேயே விட்டால் என்ன ஆகும், குறுக்கே மரவரிசை வைத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டுப் பார்க்க ஒரு வழி அதனால் பிறந்தது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

குறை தொடங்குவது தட்பவெப்பக் காரணியில். கன்சாஸின் கார்டன் சிட்டியை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அதனோடு ஒப்பிட்டார்கள். சராசரிக் காற்று வேகத்தின் மும்மடியை மேலே வைத்து, மழையாலும் வெப்பத்தாலும் அமையும் ஈரக் குறியீட்டின் இருமடியால் வகுத்தார்கள். வெப்பநிலை மாறாமல் மழை மட்டும் பாதியானால் இந்தக் காரணி நான்கு மடங்குக்கு மேல் எழும். கால்பங்கானால் இருபது மடங்கைத் தாண்டும். மழை பூச்சியத்தை நெருங்கும்போது எண்ணுக்கு எல்லையே இல்லை. நிலத்தில் நடப்பது அப்படியல்ல. முற்றிலும் உலர்ந்துவிட்ட மணலை மேலும் உலர்த்த முடியாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்க, ஒரு மாத மழை அரை அங்குலத்துக்குக் குறைந்தால் அதை அரை அங்குலமாகவே கொள்ளலாம் என்று ஒட்டுப் போட்டார்கள். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் போன்ற ஊரில் ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கே ஒட்டுத்துணியே ஆடையாகிவிடுகிறது. 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இக்காரணியை வேறு வடிவில் மாற்றியமைத்தது இந்தக் குறையால்தான்.

இதைவிட ஆழமான குறை சராசரியில் இருக்கிறது. உலர்ந்த வெறும் மணலில் வினாடிக்கு 6 மீட்டர் வாக்கில் காற்று வீசினால்தான் துகள் அசையத் தொடங்கும். அதற்குப் பிறகு மண்ணோட்டம் வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும் என்பது மணலோட்டத்தை ஆராய்ந்த பாக்னால்டு 1941இல் தம் நூலில் நிறுவிய அடிப்படை. இரண்டு நாட்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு நாள் முழுவதும் காற்று 5 மீட்டர் வேகத்தில் சீராக வீசுகிறது. இன்னொரு நாள் ஆறு மணி நேரம் 14 மீட்டர் வேகத்திலும் மீதிப் பதினெட்டு மணி நேரம் 2 மீட்டர் வேகத்திலும் வீசுகிறது. இரண்டு நாளுக்கும் சராசரி 5தான். சராசரியின் மும்மடி 125. இரண்டாம் நாளின் மணிக்கணக்கு மும்மடிகளைச் சராசரி எடுத்தால் 692. முதல் நாளில் ஒரு துகளும் நகராது. இரண்டாம் நாளில் வயலே இடம்பெயரும். இதோடு மண்ணின் மேற்பரப்பும் நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு தூறலில் இறுகிய பொருக்கு காற்றைத் தாங்கி நிற்கும். மறுநாள் ஆட்டுமந்தை மிதித்துச் சென்றால் அந்தக் காப்பு நொறுங்கிவிடும். ஆண்டுச் சராசரிக்கு இப்படிப்பட்ட நாட்களின் வேறுபாடு தெரியாது.

அப்படியானால் கணிப்பை விட்டுவிட்டு நேரடியாக அளந்துவிடலாமே என்று தோன்றும். அளவீடும் எளிதன்று. அமெரிக்காவில் ஃப்ரைரியர் 1980களில் வடிவமைத்த மண்பொறி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு கம்பத்தில் கணுக்கால் உயரத்திலிருந்து ஒரு மீட்டர் வரை சிறு பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். பின்னால் உள்ள வால்தகடு ஒவ்வொரு பெட்டியின் வாயையும் காற்றின் பக்கம் திருப்பும். வாயின் அகலம் 2 செ.மீ., உயரம் 5 செ.மீ. புயல் அடங்கிய பின் பெட்டியைத் திறந்து, உள்ளே விழுந்த மண்ணைக் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். அந்தச் சில கிராம்கள்தான் பெருக்கப்பட்டு டன்னாகின்றன. துள்ளிச் செல்லும் மணலை இப்பொறி நன்றாகப் பிடிக்கிறது. மிதந்து செல்லும் நுண்தூசியில் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது. மண்ணின் கரிமமும் ஊட்டச்சத்தும் மிகுந்திருப்பதோ அந்த நுண்தூசியில்தான். எடையில் சிறிதாகத் தெரியும் இழப்பு வளத்தில் பெரிதாக இருக்கலாம். மேலும், பொறியில் விழுந்த மணல் அந்த வயலுடையதா, பக்கத்து வயலுடையதா என்பதும் கேள்வி. கடந்து சென்ற மண் வேறு, இழந்த மண் வேறு. நிலத்தின் இரு எல்லைகளிலும் பொறி வைத்து, வெளியேறியதிலிருந்து உள்ளே வந்ததைக் கழித்தால்தான் இழப்பு கிடைக்கும்.

ஒற்றை எண்ணை நம்பக் கூடாது என்ற என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். ஒன்று, நாள்தோறும் மண்ணின் நிலையைக் கணக்கிடும் புதிய கணினி மாதிரிகள் பழைய குறைகளைத் தீர்த்துவிட்டன என்பது. அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு மணிக்கணக்கான காற்றுப் பதிவும், பயிர் வளர்ச்சி விவரமும், மண் சோதனையும் வேண்டும். வறண்ட நாடுகளில் அரிதாகக் கிடைப்பவை இவையே. இரண்டு, அணுகுண்டுச் சோதனைகளால் 1950களிலும் 1960களிலும் மண்ணில் படிந்த சீசியம் 137ஐ அளந்தால் பல பத்தாண்டு இழப்பு தெரிந்துவிடும் என்பது. அது மொத்தக் கணக்கைத் தரலாம். ஆனால் எடுத்துச் சென்றது காற்றா, நீரா, கலப்பையா என்று பிரித்துச் சொல்லாது. மூன்றாவது மறுப்புதான் வலுவானது: குறையுள்ள எண்ணாவது இல்லாவிட்டால் அரசு பணம் ஒதுக்காது என்பது. எண் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் துல்லியம்போல் காட்டப்பட்ட எண் பொய்த்துப்போகும்போது, திட்டத்தோடு சேர்ந்து மண் காப்பின் மீதான நம்பிக்கையும் போகிறது. 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று வீச்சாகச் சொல்லப்பட்ட எண் அரசுக்கும் போதும், அறிவியலுக்கும் நேர்மையாக இருக்கும்.

என் முடிவு இது. காற்றரிப்புக் கணிப்பு ஒரு நல்ல திசைகாட்டி. அதைத் தராசாக்கக் கூடாது. கம்புத் தாளை வயலில் விடுவதா, தட்டுக்கலப்பையால் உழுது புரட்டுவதா, வயல்நடு வன்னி மரத்தை வெட்டுவதா, விடுவதா என்ற கேள்விகளில் எது மேல் என்று அது நம்பத்தக்க விடை சொல்லும். எத்தனை டன் என்ற கேள்விக்கு அந்த நிலத்திலேயே நட்ட பொறிதான் விடை சொல்ல வேண்டும். தார்ப் பாலைக்குப் பொருந்தும் இந்த நெறி, தென்மேற்குக் காற்றில் செம்மணல் நகரும் நம் தூத்துக்குடி மாவட்டத் தேரிகளுக்கும் பொருந்தும். ஆகவே காற்றரிப்புத் திட்டம் வகுப்போரிடம் கேட்பது ஒன்றே: சமன்பாட்டுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது காற்றுமானிக்கும் மண்பொறிக்கும் ஒதுக்குங்கள், கிடைக்கும் எண்ணைப் பிழையின் வீச்சோடு சேர்த்தே எழுதுங்கள்.