தோன்றா எழுவாய்

என் மகள் பதினோரு மாதத்தில் படித்தாள். கல்லூரி ஆசிரியர் அறையில் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளை அட்டையில் சிவப்பு மார்க்கரால் பெரிதாக ‘அம்மா’ என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினால் “ம்மா” என்பாள். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவளின் குழந்தை, முதல் பிறந்தநாளுக்கு முன்பே தமிழ் படிக்கிறது! அன்றைய பெருமையை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள், அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா அதே அட்டையை எடுத்துக் காட்டினார். மகள் அட்டையைப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், “க்கா” என்று சிரித்தாள். அக்கா ‘பால்’ அட்டையை என் கையில் கொடுத்துக் காட்டச் சொன்னார். “ம்மா” என்றாள் மகள்.

“புள்ள சரியாத்தான் படிக்குது டீச்சர். நீங்க அட்டையப் பாக்குறீங்க, அது உங்களப் பாக்குது.”

அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டுதான், எனக்கு வழிகாட்டிய புத்தகத்தை மறுபடி படித்தேன். க்ளென் டோமன் எழுதிய ‘ஹவ் டு டீச் யுவர் பேபி டு ரீட்’ 1964இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டோமன் பிலடெல்பியாவில் மூளை பாதிப்புள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் நிறுவனத்தை நடத்தியவர். அங்கு கையாண்ட முறையை எல்லாக் குழந்தைகளுக்குமானதாக விரித்தார். பெரிய சிவப்பு எழுத்துகளில் முழுச் சொற்கள். முதல் அட்டை ‘மம்மி’, அடுத்தது ‘டாடி’. ஐந்து சொற்கள் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் நாளுக்கு மூன்று தடவை, நொடிக்கொரு அட்டையாக. போகப்போகத் தொகுதிகள் ஐந்தாகும். அதாவது நாளுக்குப் பதினைந்து அமர்வுகள்.

இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் வினைச்சொற்களில் என் கண் நின்றது. வெட்டு, எழுது, காட்டு, மாற்று, மகிழ்ச்சியாக இரு. இந்த ஏவல்களுக்கெல்லாம் எழுவாய் எது? ‘நீ’ என்பதை எழுத வேண்டியதில்லை, தானே விளங்கும் என்பதால் அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். இங்கே விளங்குவது தாய். புத்தகம் அவளை வாயாரப் புகழ்கிறது, அவளைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்கிறது. அந்தச் சிறந்த ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, அலுத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. உற்சாகமில்லாத மனநிலையில் அட்டையை எடுக்கக்கூடாது என்பது விதி. மாலை ஆறரைக்குக் கல்லூரியிலிருந்து திரும்புகிற ஒருத்திக்கு இதன் பொருள், களைப்பும் ஒரு குற்றம் என்பதே. என் வீட்டில் அப்பா இரண்டாவது அட்டையில் ஒரு சொல்லாக வந்தார். அட்டையைக் காட்டுபவராக வந்ததில்லை. அவரிடம் யாரும் “பிள்ளை படிக்கிறதா?” என்று கேட்டதுமில்லை.

பெட்டி ஃப்ரீடனின் ‘தி ஃபெமினைன் மிஸ்டிக்’ வெளிவந்தது 1963இல். வீடும் பிள்ளையுமே பெண்ணின் முழுநிறைவு என்று பெண்கள் பத்திரிகைகள் வரைந்த சித்திரத்தை அந்த நூல் கிழித்துப் போட்டது. அடுத்த ஆண்டே, அதே நடுத்தர வர்க்க வீட்டுக்குள் ஒரு புதிய முழுநேர வேலையை டோமனின் புத்தகம் கொண்டுவந்து வைத்தது. திட்டமிட்ட சதி என்று நான் சொல்லவில்லை. வீட்டுவேலைக்கு இயந்திரங்கள் வந்து மிச்சமாகும் நேரம் பெண்ணுக்கே சேர்ந்துவிடாமல், ‘குழந்தையின் எதிர்காலம்’ என்ற பெயரில் மறுபடி பிடுங்கப்பட்டது என்கிறேன்.

பிறகு அது வியாபாரமாயிற்று. ‘யுவர் பேபி கேன் ரீட்’ என்ற பெயரில் குறுந்தகடுகளும் அட்டைகளும் புத்தகங்களும் கொண்ட பெட்டி அமெரிக்காவில் விற்றது. அந்தப் பெயரிலும் எழுவாயைப் பாருங்கள்: படிப்பது குழந்தை. உழைப்பவள் வாக்கியத்திலேயே இல்லை. 2012இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இவை ஆதாரமற்ற விளம்பரங்கள் என்று வழக்குத் தொடுத்தது. அப்போது கணக்கிடப்பட்ட நான்காண்டு விற்பனை சுமார் 18.5 கோடி டாலர்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒன்பது முதல் பதினெட்டு மாதக் குழந்தைகள் 117 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இத்தகைய பெட்டியை ஏழு மாதம் கொடுத்தார்கள். சோதித்த பதினான்கு அளவைகளில் பதின்மூன்றில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு தெரிந்தது ஒன்றில்தான்: தங்கள் குழந்தை புதிய சொற்களைக் கற்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கையில்.

இதைப் படித்தபோது ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்த என்னையே பார்த்தேன். மாறியது குழந்தை அல்ல, நான். குழந்தையைச் சோதித்துப் பார்க்காதீர்கள் என்கிறது டோமன் முறை. குழந்தையின் மீதுள்ள கரிசனமாக முன்பு இதை வாசித்தேன். இன்று வாசிக்கையில், முறை தோற்பதற்கு வழியே இல்லாமல் செய்கிற ஏற்பாடாகத் தெரிகிறது. பலன் தெரியாவிட்டால், அம்மா சரியாகக் காட்டவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் மிஞ்சாது.

ஒரு எதிர்வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எழுத்து மறுக்கப்பட்ட பெண்களின் பேத்திகள் நாம். என் ஆச்சி கைநாட்டு. அவருடைய பேத்தி தன் மகளுக்கு எழுத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடத் துடிப்பதில் வரலாறு இருக்கிறது. அந்தத் துடிப்பை நான் பழிக்கவில்லை. ஆனால் ஆச்சிக்கு மறுக்கப்பட்டது பதினோரு மாதத்தில் எழுத்து அல்ல. ஆறு வயதில் பள்ளிக்கூடம். அந்த இழப்பின் வலியை அட்டை வியாபாரம் தன் முதலாக்கிக்கொள்கிறது.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இந்த அவசரத்துக்குக் காரணமும் இல்லை. எழுத்துக்கும் ஒலிக்குமான உறவு பிடிபட்டுவிட்டால், முன்பு பார்த்திராத சொல்லையும் ஒரு குழந்தை கூட்டிப் படித்துவிடும். சொல்லைப் படம்போல மனப்பாடம் செய்வதால் அந்த உறவு பிடிபடாது. எழுத்துக்கு முன்னால் குழந்தைக்கு வேண்டியது பேச்சு: சோறூட்டும்போது பேசுவது, அது மழலையில் சொன்னதற்குப் பதில் சொல்வது, மடியில் வைத்துப் படம் பார்ப்பது. என் மகளுக்கு இதையெல்லாம் பகல் முழுவதும் செய்தவர் அக்கா. அட்டை இல்லாததால் அதைக் ‘கற்பித்தல்’ என்று நான் எண்ணவில்லை.

அக்காவின் மகன் அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். 1975இல் தொடங்கிய திட்டத்தின் பகுதி அது. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, கணக்கெழுதி, பாட்டும் கதையும் சொல்லித் தருகிற அந்த ஊழியருக்கு மத்திய அரசு தருவதன் பெயர் ஊதியமல்ல, மதிப்பூதியம். வீட்டில் தாய்க்குப் புகழ், அங்கன்வாடியில் ஊழியருக்கு மதிப்பு. சிறு குழந்தைகளோடு பெண்கள் செய்யும் வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் சொல் கிடைப்பதில்லை.

அட்டைகளைத் தூக்கிப்போடப் போனபோது, “என் பையனுக்காவது ஆகட்டும், குடுங்க டீச்சர்” என்று அக்கா கேட்டார். ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன், அன்று அது நல்ல காரியமாகத்தான் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மாலையில் நான் அட்டை காட்டிய நேரத்தில் அடுப்படியில் நின்று என் வீட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர் அவர். தன் மகனிடம் அவர் போய்ச் சேரும்போது மணி எட்டாகிவிடும். அவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அட்டைகள் அல்ல, அந்த மாலை நேரம்.