தாமரையும் குரக்கன் ரொட்டியும்

மாணவர் சிலரோடு கிளிநொச்சி நகருக்குச் சென்றேன். ஏ-9 வீதியோரத்தில் போர் வெற்றிச் சின்னம்: பெரிய கொங்கிறீட் கனசதுரம், அதில் பாய்ந்த எறிகணை, உச்சியில் தாமரை. 2009 ஜனவரி 2இல் இராணுவம் நகரைக் கைப்பற்றியதன் நினைவு. பார்த்தவுடனே கருத்து விளங்குகிறது. சிற்பத்தின் குறையும் அதுவே. பார்ப்பவர் யோசிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"சேர், சனம் எங்கே?" என்றான் ஒருவன். வென்றவரின் சிற்பத்தில் இறந்த சனமும் இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய நாமும் இல்லை.

பிறகு அம்மாச்சி உணவகம். கண்முன்னே குரக்கன் ரொட்டி சுட்டுத் தந்த அக்கா எங்கள் ஊரை விசாரித்தார். தான் இடம்பெயர்ந்த ஊர்களையும் வரிசையாகச் சொன்னார். பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து கேட்டிருந்தார்கள்.

அடுத்த சிலையைத் திட்டமிடுவோர் முதலில் அந்த அடுப்படிக்குப் போகட்டும்.