இரண்டு பத்தித் தண்ணீர்

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். இறங்கிப் படம்கூட எடுத்திருப்பீர்கள். இந்த மாதிரி ஊர்களில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, கடல் மெள்ள உள்ளே வரும். பிறகு குழாயில் வருவது குடிநீரா, குழம்பா?

விடை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500-ல் (2012 பதிப்பு) இருக்கிறது. நமக்கு பி.காம். புத்தி... இரண்டு பத்தி என்றாலே பற்று, வரவுதான். இதிலும் இரண்டு பத்தி. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரம் இல்லையா? 2,000 வரை பரவாயில்லை!

கணக்குப் போடுங்கள். கடல்நீரில் உப்பு சுமார் 35,000. ஒரு குடம் கடல்நீரை இருபது குடம் மழைநீரில் ஊற்றினால், சுமார் 1,667. பாஸ்! குளோரைடும் 1,000-க்குள் அடங்கிவிடும். அதுவும் பாஸ். சோடியத்துக்கோ வரம்பே போடவில்லை. வங்கதேசக் கடலோரக் கர்ப்பிணிகள் பற்றி 2011-ல் வெளியான ஆய்வு, குடிநீர் உப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள தொடர்பைச் சொன்னது.

குழாயை மூடுவதைவிட இது மேல் என்பார்கள். நியாயம்தான். ஆனால், 'வேறு வழியில்லை' என்பது ஊராட்சிக்குத் தெரியும். ரத்தக் குழாய்க்குத் தெரியுமா? மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள் சார்: மாற்று நீர் எந்தத் தேதிக்குள் வரும்? கெடு இல்லாத கடனை எந்த வங்கியும் தருவதில்லை.